உமியும் படிகாரமும்

செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெல் ஆலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு உமியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 100 டன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 20 டன் உமி விழும். அதைக் கொதிகலனில் போட்டுத்தான் புழுங்கலுக்கு நெல்லை அவிக்கிறார்கள். எரிந்த பிறகும் உமி முழுசாகத் தொலைவதில்லை. அந்த 20 டன்னில் 4 டன் அளவுக்குச் சாம்பல் நின்றுவிடும். காற்றடித்தால் மொட்டை மாடியில் காயும் வேட்டியில் கரும்புள்ளியாக வந்து உட்காருவது அதுதான்.

விறகை எரித்தால் நூற்றுக்கு ஓரிரு பங்குதான் சாம்பல். உமியில் மட்டும் இவ்வளவு மிஞ்சக் காரணம் நெற்பயிரின் விசித்திரமான பசி. மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை அது வேர் வழியே உறிஞ்சி, கடைசியில் மணியைப் போர்த்தும் தோலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளோ அதே பொருள். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிரான கவசம் இது. மாடு வைக்கோலைத் தின்கிறது, தவிட்டைத் தின்கிறது, உமியைச் சீண்டுவதில்லை என்றால் அதற்கும் இந்தக் கவசமே காரணம். சாம்பலில் பத்துக்கு ஒன்பது பங்கு வரை சிலிக்காதான். 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் எரித்தால் அந்தச் சிலிக்கா படிகமாக இறுகாமல், கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு பஞ்சுபோல நிற்கும்.

துளை நிறைந்த பொருளைக் கண்டால் வேதியியல்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். அழுக்குத் தண்ணீரை அதில் விட்டுப் பார்ப்பார்கள். உமி, கரும்புச் சக்கை, கொட்டாங்குச்சி, வேர்க்கடலைத் தோல், புளியங்கொட்டை, முருங்கை விதை என்று வயலும் அடுப்படியும் கழித்துப்போட்ட எல்லாவற்றையும் கொண்டு, குடிநீரிலுள்ள ஃபுளோரைடை நீக்கலாமா என்று கடந்த சில பத்தாண்டுகளில் சோதித்துவிட்டார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சியிலிருந்து முனைவர் பட்ட ஆய்வு வரை இது ஓயாத தலைப்பு. இதைப் பற்றிய செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: 'உமி ஃபுளோரைடை உறிஞ்சுகிறது.' அந்த வரியில்தான் எனக்குத் தகராறு.

முதலில் ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கும்மிடிப்பூண்டியின் தண்ணீர்க் கவலைகளில் அதற்கு முதலிடம் கிடையாது. இங்கே நிலத்தடியில் பெரும்பாலும் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகளிலிருந்து சென்னைக்கு இறைத்து இறைத்து, கடல்நீர் உள்ளே ஏறிவந்தது இந்த வட்டாரத்தின் பழைய துயரம். தொழிற்பேட்டை வந்தபின் சேர்ந்த கவலைகள் தனி. ஃபுளோரைடின் சொந்த ஊர் கடும்பாறை நாடு: தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம்.

ஆனால் ஃபுளோரைடு உண்டாக்கும் நோயின் இந்திய வரலாறு தொடங்கும் இடம் கும்மிடிப்பூண்டிக்குக் கூப்பிடு தூரம். ஆரம்பாக்கம் தாண்டினால் தடா. அன்றைய சென்னை மாகாணத்தில் அது நெல்லூர் மாவட்டம். அம்மாவட்டத்தின் உள்நாட்டுக் கிராமங்களில் நடு வயதிலேயே முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டிய நிலையில் மனிதர்கள் இருந்தார்கள். மனிதர்களுக்கு முன்பே ஏர் மாடுகள் முடமாவதைக் குடியானவர்கள் கவனித்தார்கள் என்று சொல்வதுண்டு. 1937-ல் கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் இதற்குக் காரணம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடுதான் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவில் ஃபுளோரோசிஸ் என்ற நோய் ஏட்டில் ஏறியது அப்போதுதான். இதே ஷார்ட்தான் 1948-ல் கார்ன்ஹாம் என்பவரோடு சேர்ந்து, மலேரியாக் கிருமி ரத்தத்துக்கு வருமுன் மனிதக் கல்லீரலில் ஒளிந்து வளர்வதைக் கண்டுபிடித்தவர். பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். கிண்டியைக் கடந்து எத்தனையோ முறை போயிருப்போம். அந்த வளாகத்துக்குள் இப்படியொரு கதை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கருங்கல்லிலுள்ள அபிரகம், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் கட்டுண்டு கிடக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அந்தப் பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்துக்கொள்கிறது. சோடாத் தன்மை அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள தண்ணீர் என்றால் இன்னும் வேகம். கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கல்லாக்கிவிடும். தொட்டால் வழுவழுக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும் 'நல்ல' மென்னீரில்தான் பெரும்பாலும் ஃபுளோரைடு கூடுதலாக ஒளிந்திருக்கிறது என்பது இதில் ஒரு கொடுமை.

அப்படியென்றால் சுண்ணாம்பைக் கலந்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் லேசாகக் கரையும்: லிட்டருக்கு ஏறக்குறைய 16 மி.கி. அதில் ஃபுளோரைடின் பங்கு மட்டும் 8 மி.கி. சுண்ணாம்பு மட்டும் போட்டால் கணக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். ஆலைக் கழிவுநீரில் நூற்றுக்கணக்கில் இருப்பதைக் குறைக்க இது நல்ல வழி. குடிநீருக்கோ இந்தியத் தர நிறுவனம் விதித்திருக்கும் அளவு லிட்டருக்கு 1 மி.கி. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தருமபுரிக்காரரின் தொல்லை 2, 3, 5 என்ற அளவுகளில் இருக்கிறது. சுண்ணாம்பு அங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அந்த 3 மில்லிகிராமுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகுமே தவிர ஃபுளோரைடு அப்படியே இருக்கும், சொல்லப்போனால் கொஞ்சம் செறிவாகும். துணியில் வடிகட்டினாலும் போகாது. கடையில் விற்கும் சாதாரணக் கரி வடிகட்டி குளோரின் வாடையையும் கலங்கிய நிறத்தையும் எடுக்கும், இதை விட்டுவிடும். ஆர்.ஓ. எடுக்கும், ஆனால் பிரித்தெடுத்த உப்பையெல்லாம் ஒரு பங்குத் தண்ணீரோடு சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கும் ஊரில் அதைப் பார்க்கவே மனசு வராது.

உடம்புக்குள் இந்த ஃபுளோரைடு செய்வது ஆள்மாறாட்டம். எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட் படிகங்களால் ஆனவை. அந்தப் படிகத்தில் வரிசையாக ஹைட்ராக்சைடு அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஃபுளோரைடுக்கும் அதே மின்னூட்டம், கிட்டத்தட்ட அதே பருமன். பேருந்து ஜன்னல் வழியே துண்டைப் போட்டுப் பிடித்துவைத்த இருக்கையில், துண்டை எடுத்துத் தூர வைத்துவிட்டு வேறொருவர் உட்கார்ந்துகொள்வாரே, அப்படி ஹைட்ராக்சைடை எழுப்பிவிட்டு ஃபுளோரைடு அமர்ந்துகொள்கிறது. உட்கார்ந்தவரை எழுப்புவது கடினம். அளவோடு நடந்தால் பல் கெட்டியாகும். பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பது அதற்காகத்தான். பல் உருவாகும் வயதில் அளவு மீறினால் எனாமலில் காவிக் கோடு விழும். இன்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பு தடித்து, தசைநார்களே சுண்ணாம்பேறி இறுகும்.

ஃபுளோரைடை வெளியேற்றும் வித்தையும் இதே ஆள்மாறாட்டத்தில்தான் இருக்கிறது. எந்தப் பரப்பில் ஹைட்ராக்சைடு உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பரப்பு ஃபுளோரைடையும் உட்கார வைக்கும். அலுமினியம் ஹைட்ராக்சைடு அப்படிப்பட்ட பரப்பு. இரும்பு, சிர்கோனியம், லாந்தனம் ஆகியவற்றின் ஹைட்ராக்சைடுகளும் அப்படியே. சின்னதாக, அதிக மின்னூட்டத்தோடு இறுக்கமாக இருக்கும் உலோக அயனிகளுக்கு, அதேபோல் சின்னதாக இறுக்கமாக இருக்கும் ஃபுளோரைடின்மேல் அலாதிப் பிரியம்.

உமிக்கு அந்தப் பிரியம் கிடையாது. சிலிக்காவின் பரப்பும் கரியின் பரப்பும் சாதாரணக் குடிநீரில் எதிர் மின்னூட்டம் தாங்கி நிற்பவை. ஃபுளோரைடும் எதிர் மின்னூட்டம் உள்ளது. ஒன்றையொன்று விலக்கும். கரித்தூளால் ஃபுளோரைடை எடுக்க முடியுமா என்று 1934-லேயே மக்கீ, ஜான்ஸ்டன் என்ற இருவர் சோதித்தார்கள். எடுத்தது. ஆனால் தண்ணீரின் பி.எச். 3 அல்லது அதற்கும் கீழே போனால்தான் எடுத்தது. அது எலுமிச்சைச் சாற்றை நெருங்கும் புளிப்பு. ஊர்த் தண்ணீரையெல்லாம் அந்த அளவுக்குப் புளிக்க வைத்து, கரியில் விட்டு, மறுபடி காரம் சேர்த்துச் சரிக்கட்டி யார் குடிப்பது?

இந்த இடத்தில் அலுமினியத்தின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் கொலராடோ பகுதியில் பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக்கறை விழுவதை ஃபிரடெரிக் மக்கே என்ற பல் மருத்துவர் 1901 முதல் துருவிக்கொண்டிருந்தார். காரணம் பிடிபடவில்லை. அதே கறை, அலுமினியக் கம்பெனி ஒன்றின் சுரங்க ஊரான ஆர்கன்சாஸின் பாக்சைட்டிலும் தென்பட்டது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் ஆபத்து என்று ஏற்கெனவே வதந்தி உலவிய காலம். பழி தங்கள்மேல் விழுமோ என்று கலங்கிய கம்பெனியின் வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில், அந்த ஊர்த் தண்ணீரை நுணுக்கமாக ஆராய்ந்து 1931-ல் ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். தன் உலோகத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர் கண்டுபிடித்த நச்சுக்கு அந்த உலோகமே மருந்தானது.

நம் ஊரில் அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கு எளிய வழி படிகாரம். சவரக்கடையில் வெட்டுக்காயத்தில் தேய்க்கும் கல், கலங்கல் ஆற்றுநீரைத் தெளியவைக்கக் குடத்தில் சுழற்றும் கல். நாக்பூர் நீரி நிறுவனம் 1970-களில் வகுத்துக்கொடுத்த நல்கொண்டா முறை இதையே பயன்படுத்துகிறது. ஒரு வாளித் தண்ணீரில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் தூளும் போட்டுக் கிளறி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைக் குழாய் வழியே பிடிப்பார்கள். உருவாகும் வெண்ணிறத் திரி ஃபுளோரைடோடு அடியில் தங்கும். நல்ல முறைதான். ஆனால் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் படிகாரம் தினமும் போட வேண்டும். அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரிலேயே தங்கும். அதற்கும் வரம்பு உண்டு: லிட்டருக்கு 0.03 மி.கி., தவிர்க்க முடியாவிட்டால் 0.2.

தினமும் கரைத்துத் தினமும் வீணாக்குவதற்குப் பதில், அந்த அலுமினியத்தை ஏதாவது ஒன்றின்மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டால்? தண்ணீர் அதன் வழியே ஒழுகினால் போதும். உமி கதைக்குள் வருவது இந்த வேலைக்குத்தான். உமியை 1 சதவீதக் காரத்தில் வேகவைத்துக் கரியாக்கி, 2 சதவீதப் படிகாரக் கரைசலில் ஓர் இரவு ஊறவைக்கும் செய்முறை நம் நாட்டு நீர்வள இலக்கியத்தில் பழையது. கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்திய மரத்தூளை அதே 2 சதவீதப் படிகாரத்தில் தோய்த்து 'டிஃபுளோரான்-1' என்று பெயரிட்டார்கள். தோல் பதனிடுவோர் பயன்படுத்தும் ஆவாரம்பட்டையிலிருந்துகூட அயனிமாற்றுப் பிசின் செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கூர்ந்து பார்த்தால் பட்டையும் தூளும் உமியும் மாறிக்கொண்டே இருக்கின்றன, படிகாரம் மட்டும் மாறாமல் வருகிறது. உமி கொடுப்பது வீடு. குடியிருப்பது அலுமினியம். ஃபுளோரைடைப் பிடிப்பதும் குடியிருப்பவர்தான்.

வீட்டை இளக்காரமாகச் சொல்லவில்லை. அலுமினியம் ஹைட்ராக்சைடு தனியாக இருந்தால் கொழகொழவென்று கூழாக இருக்கும். தண்ணீரை ஊடே விடாது. துளைகள் நிறைந்த உமிச்சாம்பலில் மெல்லிய படலமாகப் பரப்பிவிட்டால் ஒவ்வொரு பங்கும் தண்ணீரைத் தொடும்.

பழைய உமிக்கரியின் திறன் கிலோவுக்கு 320 மி.கி. ஃபுளோரைடு என்று குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 20 லிட்டர். சோறும் பருப்பும் வேகும் தண்ணீரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அதுவும் வயிற்றுக்குள்தான் போகிறது. லிட்டருக்கு 3 மி.கி. இருப்பதை 1 ஆக்க, நாளுக்கு 40 மி.கி. எடுத்தாக வேண்டும். ஒரு கிலோ உமிக்கரி எட்டே நாளில் நிறைந்துவிடும். வாரம் ஒரு கிலோ மாற்று என்றால் எந்த வீட்டில் நடக்கும்?

2011-ல் புனேயிலுள்ள டாடா ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த விவேக் கன்வீர், கல்யாண் தாஸ் இருவரும் உமிச்சாம்பலின்மேல் அலுமினியம் ஹைட்ராக்சைடைப் படியவைத்து, கிராமுக்கு 9 முதல் 10 மி.கி. வரை பிடிக்கும் என்று காட்டினார்கள். பழையதைப்போல் முப்பது மடங்கு. நம் குடும்பக் கணக்கில் எட்டு நாள் ஏழு மாதத்துக்கு மேல் நீள்கிறது. டாடா குழுமத்துக்கு உமிச்சாம்பல் புதிதல்ல. 2009-ல் சந்தைக்கு வந்த 'ஸ்வச்' வடிகட்டியில் அதன்மேல் நுண்வெள்ளியை ஏற்றியிருந்தார்கள். அது கிருமிக்காக. வீடு ஒன்றே, குடியிருப்பவர் வேறு.

ஆய்வகத்து முப்பது மடங்கை அப்படியே தருமபுரிக் குழாயடிக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் ஃபுளோரைடை அதிகமாகக் கரைத்து, சுத்தமான நீரில் சோதிப்பார்கள். நிஜக் கிணற்று நீரில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் கரைந்த சிலிக்காவும் அதே இருக்கைகளுக்குப் போட்டியிடும். லிட்டருக்கு 3 மி.கி. என்ற மெலிந்த அளவில், திறன் ஏட்டிலுள்ளதைவிடக் கணிசமாக இறங்கும். 95 சதவீதம், 98 சதவீதம் நீக்கியது என்று முழங்கும் தலைப்புகளைப் பார்க்கும்போது நான் தேடுவது இரண்டே விவரங்கள்: எந்தக் கிணற்றின் தண்ணீர், ஒரு கிலோ எத்தனை லிட்டர் தாங்கியது. பாதிக்குமேல் கட்டுரைகளில் இரண்டாவது விடை இருக்காது.

தேயிலைத் தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டுக் கொட்டும் தேயிலைச் சக்கையில் அலுமினியத்தை ஏற்றி ஃபுளோரைடைப் பிடிக்கும் ஆய்வுகள் உண்டு. ஆனால் தேயிலைச் செடியே புளிப்பு மண்ணிலிருந்து அலுமினியத்தையும் ஃபுளோரைடையும் இழுத்து முற்றிய இலைகளில் சேர்த்துவைக்கும் பிறவி. முற்றிய இலையைக் கட்டியாக்கிக் கொதிக்கவைத்துக் குடிக்கும் திபெத்தியரிடம் தேநீராலேயே ஃபுளோரோசிஸ் வந்திருக்கிறது. புளியின் கதை நேர்மாறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 18 சிறுவர்களுக்கு 18 நாட்கள் மதிய உணவோடு நாளுக்கு 10 கிராம் புளி கொடுத்து, சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியதை 2002-ல் பதிவு செய்தார்கள். ரசம் குடித்தால் நோய் தீரும் என்று இதைப் படிக்கக் கூடாது. வெளியேறும் வேகம் சற்றுக் கூடியது, அவ்வளவே.

பிடிப்பதோடு வேலை முடிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. இருக்கைகள் நிறைந்ததும் வடிகட்டி சத்தமில்லாமல் செயலிழக்கும். தண்ணீர் அதே தெளிவோடு, அதே சுவையோடு வரும். சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனைக்கும் உலோகத்தின் பிரியமே உதவுகிறது. சிர்கோனியம் ஒரு சாயத்தோடு சேர்ந்து செந்நிறமாக இருக்கும் கரைசலில் தண்ணீரை விட்டால், ஃபுளோரைடு சாயத்திடமிருந்து சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு. நிறைந்த வடிகட்டியைக் காரக் கரைசலால் கழுவினால், ஏராளமாகப் பெருகும் ஹைட்ராக்சைடு தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கும். பிறகு படிகாரமோ மெல்லிய அமிலமோ விட்டுச் சரிக்கட்டினால் மீண்டும் வேலை செய்யும். ஆனால் கழுவிய நீரில் ஊரெல்லாம் சேர்ந்து பிடித்த ஃபுளோரைடு செறிவாக நிற்கும். அதைக் கிணற்றங்கரையில் கொட்டினால் வட்டம் முழுமையாகிவிடும். முன்னே சொன்ன சுண்ணாம்பு இங்கேதான் கைகொடுக்கிறது. செறிவான ஃபுளோரைடைக் கால்சியம் ஃபுளோரைடாகக் கல்லாக்குவதில் அதற்கு நிகரில்லை.

வீடுதோறும் காரமும் அமிலமும் கொடுத்து இதைச் செய்யச் சொல்ல முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு அரசு தேர்ந்த வழி காவிரி. ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,928.80 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டி 2013 மே 29-ல் திறந்தார்கள். ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. உமி வடிகட்டிக்கு இடமிருந்தால் அது குழாய் எட்டாத குக்கிராமங்களிலும், குழாய் நீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும் வீடுகளிலும்தான். அதுவும் வீட்டுக்கு ஒன்றாக அல்லாமல், தெருவுக்கு ஒரு தொட்டியாக, அதைச் சோதிக்கவும் கழுவவும் சம்பளம் வாங்கும் ஓர் ஆளோடு இருந்தால்தான் நடக்கும் என்பது என் எண்ணம்.

செலவுக் கணக்கிலும் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் உமி 'விலையில்லாக் கழிவு'. செங்குன்றத்தில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். கொதிகலன் வைத்திருப்பவர் உமியைக் காசு கொடுத்து வாங்குகிறார், செங்கல் சூளைக்காரரும் வாங்குகிறார். இன்னும் கேட்பாரற்றுக் கிடப்பது எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல்தான். அதிலும் சீராக, அதிகச் சூடேறாமல் எரிந்த சாம்பலே வடிகட்டிக்கு ஆகும். அவித்த நெல்லுக்கு நீராவி தேடும் ஆலைக்காரர் தன் அடுப்பின் சூட்டைச் சாம்பலுக்காகக் குறைப்பாரா என்பது வேதியியல் விடை சொல்லும் கேள்வி இல்லை. டன்னுக்கு என்ன விலை தருவீர்கள் என்று முதலில் அவர் கேட்பார்.